பாம்பு ஏன் தன் கழுத்தையே கடித்தது: கேமில் கீ அழுத்தங்களை ஃபங்ஷனல் முறையில் கையாள்வது

பாம்பு விளையாட்டு எழுதிப் பார்க்காத புரோகிராமர்கள் குறைவு. கட்டம் போட்ட திரை, நான்கு அம்புக்குறி கீகள். இரை தின்றால் வால் ஒரு கட்டம் நீளும், சுவரிலோ தன் உடம்பிலோ முட்டினால் ஆட்டம் முடிந்தது. 1997-இல் நோக்கியா 6110 போனோடு சேர்ந்து வந்ததிலிருந்து இதன் விதிகளை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நானும் ஒரு வார இறுதியில் எழுதி முடித்து, விளையாடிப் பாருங்கள் என்று நண்பரிடம் கொடுத்தேன். இரண்டே நிமிடத்தில் திருப்பித் தந்துவிட்டார். “நான் எதுலயும் முட்டவே இல்லையே, எப்படிச் செத்துச்சு?”

அவர் சொன்னது சரிதான். பாம்பு வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அப்படியே ஒரு வளைவு எடுத்துத் திரும்பிவிடலாம் என்று மேல் அம்பையும் உடனே இடது அம்பையும் தட்டியிருக்கிறார். பாம்பு வளையவில்லை. நின்ற இடத்திலேயே தலையைத் திருப்பித் தன் கழுத்தைக் கடித்துக்கொண்டது.

நேர் எதிர்த்திசையில் திரும்ப விடக் கூடாது என்ற சோதனை என் நிரலில் இல்லாமல் இல்லை. சிக்கல் நேரத்தில் இருந்தது. பாம்பு 150 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் ஒரு கட்டம் நகரும். கீ அழுத்தமோ எப்போது வந்தாலும் உடனே ‘திசை’ என்ற மாறியை மாற்றிவிடும். மேல் அம்பு வந்தது: இப்போதைய திசை வலது, மேல் அதற்கு எதிரில்லை, எனவே திசை மேல் ஆனது. 40 மில்லிசெகண்ட் கழித்து இடது அம்பு வந்தது: இப்போதைய திசை மேல், இடது அதற்கு எதிரில்லை, எனவே திசை இடது ஆனது. அதன் பிறகுதான் பாம்பு நகர வேண்டிய நேரமே வந்தது. இடப்பக்கம் ஒரு கட்டம் நகர்ந்தால் அங்கே இருப்பது கழுத்து.

இரண்டு சோதனைகளும் தனித்தனியாகச் சரியானவை. கீயைக் கவனிக்கும் நிரல் ஒரு பக்கம், கடிகாரத்தைக் கவனிக்கும் நிரல் இன்னொரு பக்கம், இரண்டும் தங்கள் இஷ்டத்துக்கு ஒரே மாறியில் கைவைத்ததுதான் வினையானது. எந்த வரியைப் படித்தாலும் தப்பு தெரியாது, எது எப்போது ஓடியது என்று தெரிந்தால்தான் புரியும். இந்த மாதிரிப் பிழைகளிடம் பட்டுத்தான் நான் ஃபங்ஷனல் புரோகிராமிங் பக்கம் வந்தேன்.

ஃபங்ஷன் என்றால் இங்கே என்ன

பள்ளிக் கணக்கில் ‘சார்பு’ என்று படித்தோமே, அதுதான். ஒரு எண்ணை வர்க்கமாக்கும் சார்பிடம் 3-ஐக் கொடுத்தால் 9 தரும். காலையில் கேட்டாலும் நள்ளிரவில் கேட்டாலும், ஆயிரமாவது முறை கேட்டாலும் 9-தான். அது கடிகாரத்தைப் பார்க்காது, வெளியே உள்ள எந்த மாறியையும் மாற்றாது, திரையில் எதையும் வரையாது. உள்ளே போவதை வைத்துத்தான் வெளியே வருவது. இதைத் தூய ஃபங்ஷன் என்பார்கள்.

சரி, விளையாட்டு என்றாலே நொடிக்கு நொடி மாறுவதுதானே, எதையும் மாற்றாத ஃபங்ஷனை வைத்து அதை எப்படி எழுதுவது? எல்லோருக்கும் முதலில் வரும் சந்தேகம் இது. சதுரங்கக் குறிப்பேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் காய்கள் எங்கே இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு நகர்வுகளை மட்டும் வரிசையாக எழுதிவைக்கிறோம். 20-ஆவது நகர்வுக்குப் பின் பலகை எப்படி இருந்தது என்று கேட்டால், குறிப்பேட்டைப் பார்த்துக் கட்டிவிடலாம். ஒரு பலகை, ஒரு நகர்வு, இரண்டையும் சேர்த்தால் அடுத்த பலகை. பழைய பலகை அழிந்துவிடவில்லை, அதிலிருந்து புதிதாக ஒன்று பிறந்திருக்கிறது.

நம் கேமும் அதே கதைதான். எழுத வேண்டியது ஒரே ஒரு ஃபங்ஷன்:

அடுத்து(நிலை, நிகழ்வு) → புதிய நிலை

‘நிலை’ என்பது இந்தக் கணத்தில் கேமைப் பற்றித் தெரிய வேண்டிய அனைத்தும். ‘நிகழ்வு’ என்பது இப்போது நடந்த ஒரு விஷயம். கீ அழுத்தம் பாம்பை நகர்த்துவதில்லை. ‘ஆட்டக்காரர் மேலே திரும்பச் சொன்னார்’ என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். சீட்டை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் ஒரே இடம் ‘அடுத்து’. கீ அழுத்தத்தை உத்தரவாகப் பார்க்காமல் தகவலாகப் பார்ப்பது என்ற இந்த ஒரு மாற்றத்திலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிறது.

பாம்பைத் திருத்துவோம்

கீழே இருப்பது எந்த மொழியும் இல்லை, புரிவதற்காக எழுதிய போலிநிரல்.

```
நிலை = {
  உடல்:   [(5,5), (4,5), (3,5)],
  திசை:   வலது,
  வரிசை:  [],
  இரை:    (9,2),
  விதை:   42
}
```

உடலில் முதலில் இருப்பது தலை. திரையில் மேலே போகப் போக இரண்டாவது எண் குறையும். ‘திசை’ என்பது பாம்பு கடைசியாக உண்மையிலேயே நகர்ந்த திசை. ஆட்டக்காரர் கேட்டும் இன்னும் நிறைவேறாத திருப்பங்கள் ‘வரிசை’யில் காத்திருக்கும். என் முதல் நிரலில் இந்த இரண்டையும் ஒரே மாறியில் போட்டுக் குழப்பியிருந்தேன். ‘நான் கேட்டது’ வேறு, ‘நடந்தது’ வேறு.

நிகழ்வுகள் இப்போதைக்கு இரண்டு வகை: திருப்பு(ஏதோ ஒரு திசை), டிக். ‘டிக்’ என்பது 150 மில்லிசெகண்ட் கழிந்துவிட்டது என்ற தகவல். நேரத்தையும் கீ அழுத்தத்தைப் போலவே ஓர் உள்ளீடாக வைத்திருப்பதைக் கவனியுங்கள். கேமுக்குள் யாரும் கடிகாரத்தை எட்டிப் பார்ப்பதில்லை. கடிகாரமும் கீபோர்டும் ஒரே வாசல் வழியாக, ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

```
அடுத்து(நிலை, திருப்பு(புதியது)) =
  நிலையின் நகல், அதில்
    வரிசை = நிலை.வரிசை + [புதியது]

அடுத்து(நிலை, டிக்) =
  வரிசை காலி என்றால்
    முன்னேறு(நிலை, நிலை.திசை)
  இல்லையென்றால்
    வேண்டியது = வரிசையில் முதலாவது
    மீதி = வரிசையில் மற்றவை
    எடுத்த திசை = வேண்டியது நிலை.திசைக்கு எதிர் என்றால் நிலை.திசை,
                  இல்லையென்றால் வேண்டியது
    முன்னேறு(நிலையின் நகல், அதில் வரிசை = மீதி, எடுத்த திசை)
```

‘முன்னேறு’ ஃபங்ஷன் தலைக்கு முன்னால் ஒரு கட்டம் சேர்த்து, இரை தின்னவில்லை என்றால் வாலில் ஒரு கட்டம் குறைக்கும். ‘திசை’யைப் புதுப்பிப்பதும் அதுதான். சுவரில் முட்டியதா என்ற சோதனையும் அதற்குள் இருக்கும். அது சுலபம் என்பதால் இங்கே எழுதவில்லை.

இப்போது நண்பர் தட்டிய அதே கீகளைக் கொடுத்துப் பார்ப்போம். நிகழ்வுகள் இவை: திருப்பு(மேல்), திருப்பு(இடது), டிக், டிக். முதல் இரண்டுக்கும் பாம்பு அசையாது, வரிசை மட்டும் [மேல், இடது] என்று நிரம்பும். முதல் டிக்கில் ‘மேல்’ வெளியே வருகிறது. நடந்த திசை வலது, எதிரில்லை, எனவே உடல் [(5,4), (5,5), (4,5)] ஆகிறது. இரண்டாவது டிக்கில் ‘இடது’ வருகிறது. நடந்த திசை இப்போது மேல், எதிரில்லை, உடல் [(4,4), (5,4), (5,5)]. நண்பர் மனதில் நினைத்த அதே வளைவு.

இதைச் சோதிக்க நான் விண்டோ திறக்கவில்லை, கீபோர்டில் 40 மில்லிசெகண்ட் இடைவெளியில் தட்டிப் பழகவும் இல்லை. நான்கு நிகழ்வுகளை ஒரு பட்டியலில் போட்டு, கடைசியில் உடல் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். மேலே எழுதிய பத்தியே ஒரு டெஸ்ட்தான்.

வரிசையில் ஒரு சின்ன நெளிவு உண்டு. கீயை அழுத்திப் பிடித்தால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் அதே அழுத்தத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பும். எழுத்து தட்டுவதற்கு வசதி, நமக்குத் தொல்லை. ஐந்து ‘மேல்’ வரிசையில் சேர்ந்துவிட்டால், ஆறாவதாகக் கேட்ட ‘இடது’ ஐந்து டிக் கழித்துத்தான் நடக்கும். வரிசையின் கடைசியில் இருப்பதையே மறுபடி கேட்டால் சேர்க்காதே, வரிசை காலி என்றால் நடந்த திசையோடு ஒப்பிடு என்று ஒரு நிபந்தனை போட்டேன். வரிசைக்கு நீள வரம்பும் வைத்தேன். நான்கு என்று வைத்துப் பார்த்தபோது, பதறிப்போய்த் தட்டிய கீகளுக்கெல்லாம் பாம்பு தாமதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டுதான் கைக்கு இதமாக இருந்தது.

அழுத்திய கீ வேறு, அழுத்திப் பிடித்திருக்கும் கீ வேறு

பாம்புக்கு ஒவ்வோர் அழுத்தமும் ஒரு செய்தி. ஓடிக் குதிக்கும் விளையாட்டுக்கு அது போதாது. வலது அம்பைப் பிடித்திருக்கும் வரை ஆள் ஓட வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். இதற்கு ‘இப்போது எந்தெந்தக் கீகள் கீழே இருக்கின்றன’ என்ற கணத்தை நிலைக்குள் வைத்துக்கொள்வோம். கணம் என்றதும் நேரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கணக்கில் வரும் கணம், அதாவது செட். கீ இறங்கினால் கணத்தில் சேர், கீ எழுந்தால் நீக்கு. சற்று முன் தொல்லை கொடுத்த அந்தத் தொடர் அழுத்தங்கள் இங்கே ஒன்றும் செய்யாது, ஏற்கெனவே கணத்தில் இருப்பதை மறுபடி சேர்த்தாலும் கணம் மாறப்போவதில்லை.

குதிப்பது மட்டும் பிடித்திருப்பதால் நடக்கக் கூடாது, அழுத்திய அந்தத் தருணத்தில் ஒருமுறைதான் நடக்க வேண்டும். ஃபிரேம் என்பது திரையில் ஒருமுறை வரையப்படும் படம். இந்த ஃபிரேமின் கணத்திலிருந்து போன ஃபிரேமின் கணத்தைக் கழித்தால் புதிதாக அழுத்தப்பட்டவை மட்டும் மிஞ்சும். மாற்றிப்போட்டுக் கழித்தால் இப்போதுதான் விடப்பட்டவை. பழைய நிலையை அழிக்காமல் கையில் வைத்திருப்பதால் இந்தக் கழித்தல் ஒரே வரியில் முடிகிறது.

இங்கே எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி ஒன்று இருக்கிறது. ஆள் வலப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆட்டக்காரர் வேறு விண்டோவுக்குத் தாவுகிறார். கீயை விட்டது அந்த விண்டோவுக்குத்தான் தெரியும், நமக்கு வராது. திரும்பி வந்து பார்த்தால் யாரும் எதையும் தொடாமலேயே ஆள் ஓடிக்கொண்டிருப்பான். விண்டோவின் கவனம் போனதையும் ஒரு நிகழ்வாக எடுத்துக்கொண்டு, அது வந்தால் கணத்தைக் காலி செய்துவிடுங்கள்.

இடதும் வலதும் சேர்ந்து கீழே இருந்தால்? இதற்குச் சரியான விடை என்று ஒன்றில்லை. ஒன்றையொன்று அடித்துவிட்டு ஆள் நிற்கலாம், அல்லது கடைசியாக அழுத்தியது வெல்லலாம். இரண்டாவதுதான் வேண்டும் என்றால் கணம் உதவாது, அதற்கு வரிசைமுறை கிடையாது. பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும்.

தற்செயலும் சத்தமும்

இரை அடுத்து எங்கே தோன்ற வேண்டும் என்பது தற்செயலாக இருக்க வேண்டும். ஆனால் கேட்கும்போதெல்லாம் வேறு எண் தரும் ஒன்றைத் தூய ஃபங்ஷனுக்குள் அழைக்க முடியாது. நிலையில் ‘விதை: 42’ என்று ஓர் எண் இருந்ததல்லவா, அது இதற்குத்தான். கம்ப்யூட்டரின் தற்செயல் எண்களில் பெரும்பாலானவை ஒரு விதையிலிருந்து சூத்திரம் போட்டு வருபவைதான். விதையைக் கொடுத்தால் ஓர் எண்ணும் அடுத்த விதையும் கிடைக்கும், புது விதையைப் புது நிலையில் வைத்துவிட வேண்டியதுதான். விளையாடுபவருக்குத் தற்செயல், நமக்கு அச்சுப் பிசகாத கணக்கு.

இரை தின்றால் சத்தம் வர வேண்டும். சத்தம் எழுப்புவது வெளியுலகத்தைத் தொடும் வேலை, எனவே ‘அடுத்து’ அதைச் செய்யாது. புதிய நிலையோடு சேர்த்து ‘தின்ற சத்தம் ஒன்று’ என்று ஒரு கோரிக்கையைத் திருப்பித் தரும். கேமைச் சுற்றி மெல்லிய ஓடு மாதிரி ஒரு லூப் இருக்கும். கீபோர்டைக் கேட்பது, ‘அடுத்து’வை அழைப்பது, வந்த நிலையை வரைவது, கோரிய சத்தத்தை எழுப்புவது எல்லாம் அதன் வேலை. அழுக்கு வேலை இல்லாமல் எந்தக் கேமும் ஓடாது. அது எங்கே நடக்கிறது என்பதை ஒரே இடத்தில் கட்டிப்போடுகிறோம், அவ்வளவுதான். என் பாம்பில் அந்த லூப் முப்பது வரிகூட வராது.

‘இடது அம்பு என்றால் இடது, ஸ்பேஸ் என்றால் நிறுத்து’ என்று கீயை அர்த்தமாக மாற்றுவதையும் அந்த எல்லையில் ஒரு அட்டவணையாக வைத்துவிடுவேன். நாளைக்கு ஒருவர் கேம்பேட் கொண்டுவந்தால் அட்டவணையில் நான்கு வரி கூடும், பாம்புக்கு அது தெரியவே வேண்டாம்.

முழு ஆட்டமும் ஒரு பட்டியல்

தொடக்க நிலை ஒன்று, நிகழ்வுகளின் பட்டியல் ஒன்று. முதல் நிகழ்வைத் தொடக்க நிலையோடு சேர்த்து ஒரு நிலை, அதோடு அடுத்த நிகழ்வைச் சேர்த்து இன்னொரு நிலை என்று பட்டியல் தீரும்வரை போனால் கடைசி நிலை கிடைக்கும். ஃபங்ஷனல் மொழிகளில் இதற்கு ‘ஃபோல்டு’ என்று பெயர், சில மொழிகளில் ‘ரெடியூஸ்’. நீண்ட துணியை ஒவ்வொரு மடிப்பாக மடித்துக் கடைசியில் கைக்குள் வைத்துக்கொள்வது மாதிரி.

இது பேச்சளவில் மட்டும் அழகான விஷயம் இல்லை. 1993-இல் வந்த ‘டூம்’ கேம், ஆட்டப் பதிவை இப்படித்தான் சேமித்தது. திரையில் தெரிந்ததை அல்ல, ஆட்டக்காரர் செய்ததை மட்டும்: நொடிக்கு 35 டிக், ஒரு டிக்குக்கு ஓர் ஆட்டக்காரருக்கு நான்கு பைட். முன்பின் நகர்வு, பக்கவாட்டு நகர்வு, திரும்பிய அளவு, அழுத்திய பட்டன்கள். கணக்குப் போட்டால் ஒரு நிமிட ஆட்டத்துக்கு 8,400 பைட். அந்தப் பதிவை மறுபடி ஓட்டினால் அதே அரக்கர்கள் அதே இடத்தில் சாவார்கள், ஏனென்றால் தற்செயல் எண்களுக்கு அவர்கள் வைத்திருந்தது 256 எண்கள் கொண்ட ஒரு நிலையான அட்டவணை. டூம் எழுதப்பட்டது ‘சி’ மொழியில், ஃபங்ஷனல் மொழி எதிலும் இல்லை. ஆனாலும் உள்ளீட்டைத் தகவலாகப் பார்த்த அந்தப் புத்தி இதேதான்.

வேகம்? ஒவ்வொரு டிக்குக்கும் புது நிலை உருவாக்கினால் கம்ப்யூட்டர் திணறாதா என்று கேட்பார்கள். பாம்பு மாதிரி விளையாட்டுக்கு இது கவலையே இல்லை. ‘நகல்’ என்று எழுதினாலும் ஃபங்ஷனல் மொழிகள் எல்லாவற்றையும் நகலெடுப்பதில்லை, மாறாத பகுதிகளைப் பழைய நிலையும் புதிய நிலையும் பகிர்ந்துகொள்ளும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓட்டினாலும் ஒரு ஃபிரேமுக்கு 16 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல் கிடைக்கும், சிறிய கேமுக்கு அது தாராளம். பல்லாயிரம் பொருட்கள் ஒரே நேரத்தில் நகரும் பெரிய முப்பரிமாண விளையாட்டில் கதை வேறு. குப்பையாகும் நினைவகத்தைச் சுத்தம் செய்ய மொழி நடுவில் நிற்கும்போது படம் ஒரு கணம் தடுக்கும். அங்கே இந்த முறையை அப்படியே திணிக்க மாட்டேன்.

எதில் தொடங்கலாம் என்றால், ரேக்கெட் மொழியில் ‘பிக்-பேங்’ என்ற ஒன்று உண்டு. டிக் வந்தால் எந்த ஃபங்ஷன், கீ வந்தால் எந்த ஃபங்ஷன், வரைவதற்கு எந்த ஃபங்ஷன் என்று கொடுத்துவிட்டால் லூப்பை அதுவே பார்த்துக்கொள்ளும். கற்றுக்கொள்வதற்கு அதைவிட எளிய வாசல் எனக்குத் தெரியவில்லை. ஹாஸ்கெல் தெரிந்தவர்கள் ‘கிளாஸ்’ லைப்ரரியில் உள்ள ‘பிளே’யைப் பார்க்கலாம், அமைப்பு அதேதான். ‘எல்ம்’ மொழியின் ‘அப்டேட்’, வலைத்தளம் கட்டுபவர்களுக்குப் பழக்கமான ‘ரிடக்ஸ்’ ரெடியூசர் எல்லாம் இதே ஃபங்ஷனின் வேறு வேறு பெயர்கள். அதற்காகப் புது மொழி கற்றே ஆக வேண்டும் என்றில்லை. என் பாம்பு ஜாவாஸ்கிரிப்ட்டில்தான் இருக்கிறது.

திருத்திய பாம்பை அதே நண்பரிடம் மறுபடி கொடுத்தேன். இந்தமுறை நிகழ்வுகளை ஒரு கோப்பில் எழுதிவைக்கும்படி லூப்பில் ஒரு வரி சேர்த்திருந்தேன். மறுநாள் அவரிடமிருந்து செய்தி: “நிறுத்திட்டுத் தண்ணி குடிச்சுட்டு வந்தேன். திரும்பத் தொடங்கினதும் தானா திரும்பிச் சுவத்துல முட்டிடுச்சு.” நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை, கோப்பை மட்டும் அனுப்பச் சொன்னேன்.

என் கம்ப்யூட்டரில் ஓட்டியதும் அவருடைய பாம்பு அதே சுவரில் அதே கட்டத்தில் முட்டியது. ஒவ்வொரு நிகழ்வாகப் பின்னோக்கிப் போனேன். நிறுத்து, அதற்குப் பின் ஒரு திருப்பு(கீழ்), பிறகு தொடங்கு. நின்றிருந்த நேரத்தில் கை தவறி அம்பு கீயில் பட்டிருக்கிறது. ஆட்டம் நின்றிருந்தாலும் வரிசை அதை வாங்கி வைத்துக்கொண்டது. ஒரே கீக்கு ஓடும்போது ஓர் அர்த்தம், நிற்கும்போது வேறு அர்த்தம் என்பதை நான் யோசிக்கவே இல்லை. நிலையில் ‘திரை’ என்று ஒரு புலம் சேர்த்து, ‘அடுத்து’வின் தலையில் இதைப் போட்டேன்:

```
அடுத்து(நிலை, திருப்பு(எதுவும்)), நிலை.திரை = நின்றது என்றால்
  நிலை
```

வந்த நிலையை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடு. நண்பரின் கோப்பு இப்போது டெஸ்ட் ஃபோல்டரில் இருக்கிறது.